கோட்டை என்று நான் எழுதிய தோட்டம்

காலை ஆறே முக்கால். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை வண்டி நின்றது. டிக்கெட் நாற்பது ரூபாய். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையின் நீர் தெரிந்து மறைந்ததும் மலையேற்றம் தொடங்கியது.

"இன்னா பெரியவரே, இந்த வயசுல மலைக்கு? கோட்டை பாக்கவா?" என்றார் நடத்துனர்.

"ஆமா. பாறைக்கொல்லைக் கோட்டை."

"அங்க இன்னா கீது? நாலு செவுரு. ஞாயித்துக்கெழமையானா ஜோடிங்க வந்து வெளிச் செவுத்துல பேரு எழுதிட்டுப் போவுதுங்க."

"அது கோட்டையே இல்லைங்க. காய்கறித் தோட்டம்."

"போர்டு வெச்சிக்கிறாங்களே!"

"நான் சொல்லித்தான் வெச்சாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.

வாசகர்களிடம் மறைக்க எதுவும் இல்லை. நான் தொல்லியல் படித்தவன். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு துரை இந்த மலையில் காப்பி பயிரிட்டான். அவன் பங்களா இடிந்து மண்ணாகிவிட்டது. பங்களாச் சமையலறைக்குக் காய் விளைந்த தோட்டம் மட்டும், காட்டுப்பன்றி நுழையாதபடி கட்டிய கல் மதிலோடு நிற்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் அதை ஆய்வு செய்ய என்னை அனுப்பினார்கள்.

முதல் குழியிலேயே உண்மை தெரிந்துவிட்டது. முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு மண். அதில் கரி, எலும்பு, உடைந்த பீங்கான் தட்டுகள். சமையலறைக் குப்பையை ஆண்டுக்கணக்கில் எருவாகக் கொட்டிய மண் அது. மதிலின் உட்புறத்தில் வரிசையாகத் துளைகள். கொடி படரக் கம்பி இழுத்துக் கட்டுவதற்கு முளை அடித்த இடங்கள்.

காய்கறித் தோட்டத்தைத் தோண்டியவனை யார் மதிப்பார்கள் என்று நினைத்தேன். கோட்டை என்று எழுதினேன். நடுவிலிருந்த பாசனத் தொட்டி குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி ஆயிற்று. முளைத் துளைகள் துப்பாக்கி நீட்டும் துளைகள் ஆயின. அவை உள்ளங்கை ஆழத்தோடு நின்றுவிட்டவை. என் வரைபடத்தில் மறுபக்கம் வரை ஊடுருவின.

அப்போது உள்ளே சின்னப்பையன் என்பவர் அவரைக்கொடியும் புடலையும் போட்டிருந்தார். அவருடைய தாத்தா துரையிடம் தோட்டக்காரர். கோட்டை ஆனபின் சின்னப்பையனை வெளியேற்றி, கம்பிக் கதவு போட்டுப் பூட்டினார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஒன்பது மணிக்கு வெள்ளிமலை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். பாறைக்கொல்லையில் இருவர் காத்திருந்தார்கள். நான் தொலைபேசியில் சொல்லி வரவழைத்த வருவாய் ஆய்வாளர் ஒருவர். சின்னப்பையனின் மகள் பச்சையம்மாள் மற்றவர். அந்த மண்ணில் மறுபடி பயிர் வைக்க அவர் எத்தனையோ முறை மனு கொடுத்தவர் என்று ஆய்வாளர் சொன்னார்.

"நீங்கதானா அது?" என்றார் பச்சையம்மாள். "எங்கப்பா சாவுற வரைக்கும் கேட்டுக்கினே இருந்தாரு, இது எந்த ராஜா கோட்டைன்னு. ஒரு ராஜா பேராவது எழுதியிருக்கலாமில்ல?"



ஆய்வாளர் பூட்டைத் திறந்தார். "சார், கோட்டைன்னீங்க, பூட்டினோம். இப்ப தோட்டம்ங்கறீங்க. நாளைக்கு வந்து கோயில்னு சொல்ல மாட்டீங்களே?"

"என் பேச்சை நம்ப வேணாம். ஒரு குச்சி எடுத்து அந்த ஓட்டையில விட்டுப் பாருங்க."

விட்டார். முட்டியது. அடுத்ததிலும் முட்டியது. வெளியே போய் மதிலைச் சுற்றிவிட்டு வந்தார். "வெளிய ஒரு ஓட்டகூட இல்லியே! அப்ப துப்பாக்கி வெச்சி யார சுட்டாங்க, கத்திரிக்காயவா?"

பச்சையம்மாள் சிரிக்கவில்லை. அவர் கொண்டுவந்த மண்வெட்டியால் உள்ளே ஒரு குழி வெட்டினோம். கறுப்பு மண்ணோடு நீலக்கோடு போட்ட பீங்கான் சில்லு ஒன்று வந்தது. மதிலுக்கு வெளியே வெட்டியபோது செஞ்சரளையில் இரும்பு மோதித் தெறித்தது.

நான் எழுதியது பொய் என்று அங்கேயே வாக்குமூலம் எழுதினேன்.

"கையெழுத்து போட்டா உங்க பேரு கெட்டுடும் சார்."

"கெடட்டும்" என்று போட்டேன்.

"ஆர்டர் மேலேருந்து வரணும்மா" என்றார் ஆய்வாளர், பச்சையம்மாளிடம். "அதுவரைக்கும் புதரு வெட்ட ஆள் வெச்சிருக்கேன்னு நான் எழுதிக்கறேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அந்தக் கணமே அவர் உண்ணிச்செடிகளைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார். நானும் குனிந்து ஒரு செடியைப் பற்றினேன்.

"ஐயா, விடுங்க."

"முள்ளு கிழிச்சா பரவாயில்லம்மா."

"அதுக்கில்ல. இந்த மண்ணுல நீங்க கை வைக்க வேணாம். வெளிய போய் நில்லுங்க."

மரியாதை குறையாமல்தான் சொன்னார். போய் நின்றேன். மதில் என் தலைக்கு மேலே இருந்தது. உள்ளே நடப்பது எதுவும் தெரியவில்லை. செடிகள் வேரோடு வரும் சத்தம் மட்டும், நான் ஆட்டோ ஏறும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.