ஏழாம் எண் பனியன்

ஈரப் பனியனின் புளித்த வாடை இன்றும் எங்காவது மூக்கில் பட்டால் என் கை தானாகப் பென்சிலைத் தேடுகிறது. வில்லியனூர்ப் பள்ளியில் எட்டாவது படித்தபோது எங்கள் கூடைப்பந்து அணிக்கு நான்தான் "நோட்டுக்காரன்". சுற்றுவட்டார ஊர்களுக்கிடையே மாலைகளில் நடந்த லீக்கில் பதினான்கு ஆட்டங்கள். பதினான்கிலும் யார் எத்தனை கூடை போட்டான், எதிராளியிடமிருந்து எத்தனை பந்து பறித்தான் என்று எண்ணிக் கோடு கிழித்தேன். ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர், எண் எழுதிய பனியன் ஐந்துதான். வெளியே வருகிறவன் கழற்றிப் பிழிந்து கொடுப்பான்; உள்ளே போகிறவன் அந்த ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடுவான்.

லீக் முடிந்ததும் சிறந்த "கார்டு" யார் என்ற பேச்சு வந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு அந்தப் பெயர். தேர்வாகிறவனைப் புதுச்சேரியில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்க அனுப்புவார்கள், ஒரே ஓர் இடம். கடைசியில் நின்றவர்கள் இருவரும் எங்கள் அணிதான்: கரும்பு வயல்காரர் மகன் தனபால், பிள்ளைச்சாவடி மீனவர் வீட்டிலிருந்து வந்து சித்தி வீட்டில் தங்கிப் படித்த காசி.

டிரில் மாஸ்டர் முன்னால் அரை மணி நேரம் வாக்குவாதம். "தனபாலு ஆடுனா பாக்க அழகா இருக்கும் சார். ஆனா பந்தப் புடுங்குறது காசிதான்" என்றான் ஒருவன். "அவங்க சித்தி ஊத்துன மீன் கொழம்பு பேசுதுடா" என்றான் இன்னொருவன். காசியும் சிரித்தான். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "வாயால ஆடுனது போதும். நோட்டு இன்னா சொல்லுது, அத்தப் படிடா."

படித்தேன். ஏழாம் எண், தனபால், பறித்த பந்து நாற்பத்தொன்று. பன்னிரண்டாம் எண், காசி, இருபத்தாறு. படித்து முடிப்பதற்குள் கிருமாம்பாக்கத்து ஆட்டம் கண்முன் வந்தது. அன்று காசி பஸ்ஸைத் தவறவிட்டுத் தாமதமாக வந்தான். அவன் வழக்கமாகப் போடும் பன்னிரண்டை வேறொருவன் மாட்டியிருந்தான். தனபால் கால் பிசகி உட்கார்ந்ததும், அவனுடைய ஏழாம் எண்ணோடு இறங்கிய காசி ஒன்பது பந்து பறித்தான். நான் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்துக் கோடு கிழித்திருந்தேன். அந்த ஒன்பதை மட்டும் மாற்றினாலே தனபாலுக்கு முப்பத்திரண்டு, காசிக்கு முப்பத்தைந்து.

ஒரு கோடுகூடத் தப்பாத நோட்டு என்று மாஸ்டர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவந்தார். நோட்டை மூடிவைத்துவிட்டேன். விடுதி இடம் தனபாலுக்குப் போனது. தனபால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காசி கையிலிருந்த பந்தை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த ஆண்டு காசி பள்ளிக்கு வரவில்லை. அப்பாவோடு கடலுக்குப் போவதாகச் சொன்னார்கள்.

சொல்லிவிட வேண்டுமென்று பதினொரு முறை பிள்ளைச்சாவடி நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறேன். பதினொரு முறையும் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும் பஸ் ஏறியிருக்கிறேன். இப்போது அந்த மண் மைதானத்தின்மேல் வகுப்பறைகள் நிற்கின்றன. நோட்டைக் கறையான் தின்றுவிட்டது. மாஸ்டர் இல்லை, தனபாலும் இல்லை. போன மாதம் காசியும் போய்விட்டான் என்று கேள்விப்பட்டுப் பன்னிரண்டாம் முறை இறங்கி அவன் வீட்டுக்குப் போனேன். என் பெயரைச் சொன்னதும் அவன் மகள் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"நோட்டு எழுதுன மாமா நீங்கதானா? அப்பா அடிக்கடி சொல்லுவாரு. 'நாந்தான் நெறைய புடுங்குனேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா, எண்ணிப் பாத்தாதான் தெரிஞ்சிது, அவ்ளோலாம் இல்லன்னு.'"

சொல்லிச் சிரித்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.