வீரருக்கு ஒரு பார்சல்

ரொறொன்ரோவில் மில்லிக்கன் பக்கம், வீடியோ கசெற்றும் வாடகைக்கு விடும் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை. காசுப் பெட்டிக்கு மேலே, பிள்ளையாருக்குப் பக்கத்தில், ஒரு பழைய தண்ணீர்ப் போத்தலும் பத்திரிகையில் வெட்டிய சைக்கிள் வீரர் ஒருவரின் படமும் இருக்கின்றன. முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிகிறது.

சுவிஸில் நான் சமைக்கும் ஹோட்டலுக்கு அடுத்த தெருக்காரர் அவர். ஒரு காலத்தில் ஆல்ப்ஸ் மலை ஏற்றங்களில் எல்லாரையும் பின்னுக்கு விட்டவர். ஓட்டத்தை விட்டு வருசக்கணக்காகியும், அவர் சாப்பிட வந்தால் முதலாளி எழும்பி ஓடுகிறார். நான் அவித்த மக்கரோனியைத் தின்றுவிட்டு, அவர் முதலாளிக்குக் கை கொடுத்துவிட்டுப் போகிறார். லீவில் வந்த இந்தக் கனடாவிலாவது இவர் தொல்லை இராது என்று நினைத்திருந்தேன்.

"நான் முந்தி சுவிஸில அகதி முகாமில இருந்தனான்," என்கிறார் கடைக்கார அண்ணை. "ஆள் மலை ஏறேக்க எறிஞ்ச போத்தல். நான்தான் பிடிச்சனான். நீங்கள் இப்பவும் அங்கதானே இருக்கிறியள், அவரைக் கண்டிருக்கிறியளோ?"

"எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள்." வாய் முந்திவிடுகிறது.

அண்ணை உடனே ஒரு பை நிறையப் பருத்தித்துறை வடை கட்டித் தருகிறார். "உதை அவரிட்டைக் குடுங்கோ."

ஒரு கிழமையாக இந்தக் கடைக்கு வருகிறேன். எனக்கு ஒரு வடை நீட்டியதில்லை.

"அவர் உறைப்புத் தின்னமாட்டார், அண்ணை," என்கிறேன்.

அண்ணை யோசிக்கிறார். என் கையிலிருந்த பையை வாங்கி, வடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்பக் கொட்டிவிட்டு, பயத்தம் பணியாரத்தால் நிரப்புகிறார்.

"இது உறைக்காது," என்று முடிச்சை இறுக்குகிறார். "வழியில அவிழ்த்துப் போடாதேங்கோ."