கையை எடுத்தால் ஊளையிடும் ரேடியோ

ஜெனிட்டாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது சொன்னால், வேறு வழியில்லாமல் சொல்கிறேன் என்று புரிந்துகொள்ளுங்கள்.

திருப்போரூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. பேர் வேண்டாம், இன்னும் அங்கேதான் எனக்குச் சோறு. எலெக்ட்ரானிக்ஸ் லேபில் பத்தொன்பது வருஷமாக நான் ஸ்டோர் கீப்பர். சீனு என்றால் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். ஜெனிட்டா லேப் அசிஸ்டென்டாக வந்து நாலு வருஷம் ஆகிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்தான் அவளுக்கும். அவள் அப்பா ஏசுபாதம் ஒரு காலத்தில் என் பெரியப்பா வயலில் கூலிக்கு நின்றவர். இப்போது கடற்கரை ஓட்டல் ஒன்றில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கார் கதவு திறந்துவிடுகிறார். மகள் டிப்ளமோ முடித்தவள். வந்த முதல் நாளே என்னை 'அண்ணாத்த' என்றாள். அவள் அப்பா என் பெரியப்பாவை எப்படிக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த 'அண்ணாத்த' குத்தியது. வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

இன்னொன்றும் உண்டு. ரிப்பேர் என்று எழுதி நான் ஓரம் கட்டிய மீட்டர்களை எடுத்துப் பிரிப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சரி செய்துவிடுவாள். நான் ஒட்டிய சீட்டைக் கிழிக்க மாட்டாள். என் கையெழுத்துக்குக் கீழே 'வேலை செய்கிறது' என்று எழுதி வைப்பாள். ஒருவனை இதைவிட எப்படி அவமானப்படுத்துவது?

போன வருஷம் இன்ஸ்ட்ரக்டர் வேலை ஒன்று காலியானது. நிரந்தர வேலை. விண்ணப்பித்தது நாங்கள் இரண்டே பேர். துறைத்தலைவர் ஆனந்தன் சார் ஒரு பரீட்சை வைத்தார். வீட்டிலேயே ரீஜெனரேட்டிவ் முறையில் ஒரு சிற்றலை ரேடியோ கட்டிக்கொண்டு வந்து, தேர்வுக் குழுவின் முன்னால் பாட வைக்க வேண்டும். எளிமையான ரேடியோதான். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குழாய்த் துண்டில் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள். வந்த சிக்னலில் கொஞ்சத்தை இரண்டாவது சுருள் திரும்ப முன்பக்கத்துக்கே ஊட்டும், அது மறுபடி பெருகும். அளவாக ஊட்டினால் எங்கோ இருக்கிற நாடெல்லாம் கேட்கும். கொஞ்சம் மிஞ்சினால் நாய் மாதிரி ஊளையிடும்.

நான் கட்டவில்லை. நாவலூரில் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் செய்து கொடுக்கும் கடை ஒன்றில் சொல்லி வாங்கினேன். பளபளவென்று அலுமினியப் பெட்டியில் வந்தது.

அவளோ பழைய பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் கட்டியிருந்தாள். பரீட்சைக்கு முந்தின நாள் லேபில் அதை ஓட்டிப் பார்த்தாள். என்னென்னவோ பாஷை தெளிவாகக் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அப்போது டீயை எடுக்க, ட்யூனிங் குமிழிலிருந்து கையை நகர்த்தினாள். நிலையம் போய் ஊளை வந்தது. கையைத் திரும்ப வைத்ததும் நிலையமும் திரும்பி வந்தது. எப்போதும் கை வைத்துக்கொண்டே கேட்டுப் பழகியவள், கைதான் காரணம் என்று கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நேராக ஆனந்தன் சாரிடம் போய், நாளைக்கு அவளை மேசையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் சார் என்றேன். அவருக்கும் அவள் மேல் பிரியம் கிடையாது.

மறுநாள் நான் முதலில் போனேன். என் பெட்டி பிசிறில்லாமல் பாடியது. வெளியிலிருந்து பரிசோதிக்க வந்தவர் ராஜம் மேடம், கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் உலோகப் பெட்டி?"

"கெட்டியா இருக்கும் மேடம்" என்றேன்.

மேடம் எதையோ குறித்துக்கொண்டார். நான் நல்ல மதிப்பெண் என்று நினைத்தேன்.

அடுத்தது ஜெனிட்டா. அவள் திருகியதும் சீனப் பாட்டு ஒன்று வந்தது. ஆனந்தன் சார் உடனே அவளைச் சுவரோரம் போய் நிற்கச் சொன்னார். போனாள். ரேடியோ ஊளையிட்டது. தொடாமல் ஓடினால்தான் அது கருவி, தொட்டால்தான் ஓடும் என்றால் அது பொம்மை என்றார் சார். நான் தலையைக் குனிந்து சிரித்தேன்.

அவள் அழவில்லை. ஊளையைக் கேட்டாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு என் அலுமினியப் பெட்டியைப் பார்த்தாள். பத்து நிமிஷம் அவகாசம் கேட்டாள். மேடம் தலையாட்டினார். குழுவுக்கென்று நான் வாங்கி வைத்திருந்த சப்பாத்தி பார்சலைப் பிரித்து, சப்பாத்தியைத் தட்டில் போட்டுவிட்டு, சுற்றியிருந்த அலுமினிய ஃபாயிலைத் துப்பட்டாவில் துடைத்தாள். டிபன் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் அதை விரித்தாள். அலுமினியத்தில் ஈயம் பற்றாது. அதனால் ஃபாயிலின் ஓரத்தை ட்யூனிங் கெபாசிட்டரின் நட்டுக்கு அடியில் கொடுத்து இறுக்கினாள். எர்த் கம்பியை மாட்டி மறுபடி திருகிவிட்டு, சொல்லாமலே சுவரோரம் போய் நின்றாள்.

பாட்டு நகரவில்லை.

"ஏன் ஃபாயில்?" என்றார் மேடம்.

"என் கையும் ஒரு கெபாசிட்டர்தான் மேடம், கிட்ட வந்தா ட்யூனிங் நகரும். நடுவுல எர்த் பண்ண சுவர் ஒண்ணு வெச்சுட்டேன்."

மேடம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் உலோகப் பெட்டி செய்ததும் அதே வேலைதான். என் பெட்டியை முன்னால் வைத்து அவளுக்கு விடையைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

வேலை அவளுக்குப் போனது. எனக்கு மேடம் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வி மண்டையிலேயே நின்றுவிட்டது. ஒருநாள் கடுப்பில் கம்பி, குழாய், டிரான்சிஸ்டர் எல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போய் நானே கட்டினேன். பாடாவிட்டாலும் ஊளையாவது வர வேண்டுமே, மூச்சே இல்லை. "இன்னாயா இது, நாலு நாளா உன்ன மாரியே உம்முனு குந்திகினு கீது" என்றாள் என் மனைவி வரலட்சுமி.

ஜெனிட்டாவிடம் கேட்பதற்குப் பதில் செத்துப் போகலாம் என்றுதான் இருந்தேன். கேட்டேன். லேபில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நான் கட்டியதில் ஊளையே வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஜெனிட்டா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். "கைய எடுத்தா ஸ்டேஷன் ஓடிப்பூடும்னு சாருகிட்ட சொன்னது நீதான அண்ணாத்த?"

ஆமாம் என்றேன். அவளிடம் அதுவரை நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். மன்னிக்கிற முகம் இல்லை அது. "ரெண்டாவது சுருளோட ரெண்டு முனையையும் மாத்திப் போடு. தலைகீழா கீது" என்றாள். திருப்புளியை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

பொய்தான் சொல்லியிருப்பாள், டிரான்சிஸ்டர் புகைந்து போகும் என்று நினைத்துக்கொண்டேதான் முனைகளை மாற்றிப் பற்றவைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். பேட்டரியை மாட்டியதும் வீடே அதிர ஊளையிட்டது. மெல்லத் திருகினேன். ஊளை அடங்கி, யாரோ ஒருத்தன் புரியாத பாஷையில் செய்தி வாசித்தான்.

பாவி, ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.