மகளின் கையெழுத்து

எல்கடுவ பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கோயில் கமிட்டிச் செயலாளர். எங்கள் ஆற்றில் மின்நிலையம் கட்டிய கம்பனி, ஊருக்கு என்ன செய்து தரலாம் என்று கேட்டுக் கூட்டம் வைத்தது. இளையவர்களின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். தேத்தண்ணி கொடுக்க வந்த என் மகளையும் அவள் தோழிகளையும் கோரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட வைத்தேன். பெரியவர்கள் நாங்கள் கேட்டது, கோயிலுக்கு ஓர் அலங்கார வளைவு.

வளைவு எழும்பிய பிறகு, கம்ப்யூட்டர் வகுப்பு கேட்டு மகள் கம்பனிக்குப் போனாள். அதிகாரி அந்தத் தாளைக் காட்டினாராம்.

"ஊருக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்தாச்சு. நீங்களும் கையெழுத்து வச்சிருக்கீங்களே."

வீட்டுக்கு வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா" என்றாள். இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள்.

இப்போதெல்லாம் கூட்டத்தில் முதல் வரிசைக் கதிரைகளை இளையவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன். அதில் வந்து உட்கார ஒருவரும் இல்லை.