பின்னால் வரும்போது மட்டும் நிற்கும் கார்

மகள் ஸ்டெஃபியைத் தன் அம்பாசிடரில்தான் கோயிலுக்கு அழைத்துப் போவேன் என்று ஜெபசீலன் முக்கூடல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அவன் கல்யாணங்களுக்குக் கார் ஓட்டுகிறவன். ஊரில் பாதிப் பெண்கள் அந்தக் கறுப்புக் காரில் ஏறித்தான் மாலை மாற்றிக்கொள்ளப் போயிருக்கிறார்கள். சொந்த மகள் வேறு வண்டியில் போவதாவது!

விடிந்தால் கல்யாணம். கார் நிற்க மாட்டேன் என்கிறது.

இது அவன் மனைவி சாலோமிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை அவன் பிரேக் வேலை பார்க்கும்போதும் உள்ளே உட்கார்ந்து மிதிக்கிறவள் அவள்தான். அவன் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு “மிதி” என்பான், மிதிப்பாள். “விடாதே” என்பான், காலை எடுக்க மாட்டாள். பிரேக் ஆயில் குழாயிலிருந்து காற்று குமிழ் குமிழாக வெளியேறும். மற்றபடி அந்தக் காரைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மகள் கல்யாணத்துக்காக பிரேக்கை நன்றாக்கிவிட வேண்டும் என்றுதான் அவன் ஆரம்பித்தான். சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் ஷூக்களுக்குப் புது லைனிங் ஒட்டினான். அவற்றைச் சுற்றிச் சக்கரத்தோடு சுழலும் டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினான். அதற்குப் பிறகுதான் இந்தக் கோளாறு. டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து சிலிண்டரை மாற்றச் சொன்னான், ஜெபசீலன் மாற்றினான். மிதியை லேசாக்க இன்னொரு காரின் பூஸ்டரைக் கொண்டுவந்து பொருத்தினான். கால் சுகமாக இறங்கியது, கார் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

போன வாரம் வேறொரு கல்யாணத்தில், பாலத்துச் சரிவில் இறங்கிய கார் கோயில் வாசலில் நிற்காமல் வாழைமரத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. பேண்டு வாசித்தவர்கள் சிதறி ஓடினார்கள். பக்கத்து வீட்டு ஜெனிஸ்டன், “அண்ணாச்சி காரு பூசை பாக்காம நிக்காது வே” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சாலோமிக்கு மட்டும் அந்த வாழைமரம் நின்ற இடத்தில், மகள் கல்யாணத்தன்று பூக்கூடையோடு நிற்கப்போகும் சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குள்ளேயே நின்றார்கள்.

இன்று மதியம் கழுவுவதற்காக அவன் காரைப் பின்னால் எடுத்தான். வழக்கம்போல அவள் பின்னால் நின்று கை காட்டினாள். கையை உயர்த்தியதும் கார் அறைந்தாற்போல் நின்றது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், இன்றைக்கு வாயைத் திறந்தாள்.

“ஏங்க, பின்னால வரையில மட்டும் இது நல்லா நிக்குதே.”

“ஆமாட்டி, நாளைக்குக் கோயிலுக்கு ரிவர்ஸ்லயே போவோம்” என்றான் எரிச்சலோடு. சொன்ன பிறகு அவன் முகம் மாறியது. ஜாக்கியைத் தேடி ஓடினான்.

முன்சக்கரத்தின் டிரம்மைக் கழற்றிப் பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எப்போதும் ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைக் கழற்றுவான். சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த முறை மகள் கல்யாணமாயிற்றே என்று, ஷூக்களைத் தாங்கும் இரண்டு தட்டுகளையும் ஒன்றாகக் கழற்றிப் பெயின்ட் அடித்துக் காயவைத்தான். திரும்ப மாட்டும்போது இடது தட்டு வலப்பக்கம் போய்விட்டது. சக்கரம் முன்னால் உருளும்போது டிரம்மைக் கவ்வ வேண்டிய ஷூக்கள், இப்போது பின்னால் உருண்டால்தான் கவ்வுகின்றன.

“நான்தான்ட்டி மாத்தி மாட்டிருக்கேன்” என்றான்.

மாற்றிவிடலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் அவசரத்தில் ஸ்பேனரை அழுத்தியதில் பிரேக் ஆயில் குழாய் முனையோடு முறிந்தது. அந்தப் பழைய அளவுக் குழாய் முக்கூடலில் கிடையாது. திருநெல்வேலிக் கடைக்கு போன் போட்டான். திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார்கள்.

“குழாய அடைச்சிட்டா பின்பிரேக் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் இருக்கு. பைய உருட்டிட்டுப் போயிருவேன்.”

“நம்ம பிள்ள இதுல ஏற வேண்டாம்.”

“ஊரெல்லாம் சொல்லிட்டேன் சாலோமி.”

பக்கத்து வீட்டில் உப்பு கேட்கக்கூட மகளை அனுப்புகிறவள், தானே போய் ஜெனிஸ்டன் வாசலில் நின்றாள். அவனுடைய வெள்ளைக் காரை ஜெபசீலன் சோப்பு டப்பா என்று வாய்க்கு வாய் கேலி செய்கிறவன். அவள் சொல்லி முடிக்கும்வரை ஜெனிஸ்டன் சிரிக்கவில்லை. “காலையில எத்தனை மணிக்கு வரணும் மயினி?” என்று மட்டும் கேட்டான்.

திரும்பி வந்தபோது ஜெபசீலன் மறுபடியும் காரின் அடியில் இருந்தான். முறிந்த குழாயில் எதையோ வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். “இன்னும் கொஞ்ச நேரந்தான். சரியாயிரும்” என்றான். ஸ்பேனர் வழுக்குவதும் மறுபடி மாட்டுவதுமாக இருந்தது. கட்டி முடித்துவிடுவான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கார் கதவைத் திறந்து சாவியை உருவினாள்.

“சாவி எங்கிட்ட இருக்கு” என்றாள். “காலையில ஜெனிஸ்டன் வாரான்.”

ஸ்பேனர் சத்தம் நின்றது. அவன் வெளியே வரவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளே ஸ்டெஃபியின் கைக்கு மருதாணி வைத்தபடி பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாலோமி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் கால்களின் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.