ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு முந்தின வாரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பதியில் எனக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். சித்தூரில் எங்கள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார்: தையலில் ஈரம் கசிந்தால் அன்றே வந்துவிட வேண்டும். ஆரம்பத்திலேயே திறந்து கழுவினால் புது மூட்டைக் காப்பாற்றலாம். சீழ் வேரோடிவிட்டால் அதைக் கழற்றத்தான் வேண்டும். அவரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் கூடாது.

புண் பின்பக்கமாக இருந்ததால் என் கண்ணுக்கு எட்டாது. மனைவி விடிந்ததும் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறவள். எனவே கட்டு மாற்றும் பொறுப்பை அண்ணன் ஏற்றார். அவர் எங்கள் சபையின் மூப்பர். சோப்புப் போட்டுக் கைகழுவி, ஜெபம் செய்த பிறகே கட்டை அவிழ்ப்பார். பழைய பஞ்சைத் தாமே கொண்டுபோய் எரித்துவிடுவார்.

"எப்படியிருக்குதுண்ணா?" என்று தினமும் கேட்பேன்.

"நல்லா காய்ஞ்சிக்கினு வருதுடா. சும்மா கிட."

இடையில் கறுப்பும் சிவப்புமான மாத்திரைகளைக் கொண்டுவந்து, உடம்பு தேற சத்து மாத்திரை என்றார். விழுங்கினேன்.

எங்கள் சபையில் பெரிய ஆபரேஷனிலிருந்து பிழைத்து வந்தவர் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து, எல்லார் முன்பும் சாட்சி சொல்வது வழக்கம். எனக்கும் நாள் குறித்தார்கள். வெதுருகுப்பத்திலிருந்தெல்லாம் உறவினர் வந்திருந்தனர். இரு பக்கமும் கக்கத்துக் கட்டை ஊன்றிப் பீடத்தின் முன் நின்று, கர்த்தர் என் புண்ணை ஆற்றினார் என்றேன். ஆமென் சொன்னவர்களில் அண்ணன் குரல்தான் உரத்துக் கேட்டது.

மாத்திரை தீர்ந்த மறுவாரம் குளிர் உதறியது. காலையில் பாயெல்லாம் சீழ். டாக்ஸி பிடித்துத் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள்.

எப்போதிலிருந்து கசிகிறது என்று டாக்டர் கேட்டார். நேற்று ராத்திரியிலிருந்து என்றேன்.

"இல்லீங்க டாக்டர்," என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி. "கூட்டத்துக்கு முந்தின வாரமே."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"போதகர் ஐயரு சபையில அறிவிச்சிட்டாருடா. ஊரையே கூப்டாச்சி. அப்ப சொல்லியிருந்தா உன்ன திரும்பத் தூக்கிக்கினு வந்திருப்பாங்க. மெடிக்கல் ஷாப்புல கேட்டு மாத்திர வாங்கினேன், ரெண்டு நாள்ல கசிவு நின்னுச்சி. ஆறிடுச்சின்னுதான் நெனச்சேன்."

மருந்து வெளியே கசிவதை மட்டும் அடக்கியது, உள்ளே சீழ் எலும்புவரை பரவிவிட்டது என்று டாக்டர் விளக்கினார். கழுவிப் பார்த்தார்கள். சீழ் நிற்கவில்லை. கடைசியில் மூட்டைக் கழற்றினார்கள். அந்தக் கால் குட்டையாகிவிட்டது. அதைவிட, சபைமுன் என் வாயாலேயே பொய்ச்சாட்சி சொல்ல வைத்துவிட்டு அதற்கு ஆமென் சொன்னாரே, அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், கட்டு மாற்றும் முறையை யாருக்குக் காட்டித்தர வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னே வந்தார்.

"இவருக்கு வேணாம் சிஸ்டர்," என்றேன். "என் சம்சாரம் லீவு போட்டுக்குவா. அவளுக்குக் காட்டுங்க."

அண்ணன் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, டாக்ஸி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.