இரண்டு போனுக்கு ஒரே மெயில் ஐடி

தரணிக்கு மாதச் சம்பளம் என்பதே பெரிய விஷயம். நகரிப் பக்கத்துக் கிராமத்தில் அம்மாவும் நைனாவும் அடுத்தவர் கழனியில் கூலி செய்துதான் அவளை டிகிரிவரை படிக்கவைத்தார்கள். இப்போது திருப்பதியில், புருஷன் அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களைத் தங்கவைக்கும் இல்லமொன்றில் வேலை. வந்தவர்களின் விவரம் எழுத வேண்டும், வேறு ஊரில் வேலையும் ஹாஸ்டலும் பிடித்துத் தர வேண்டும், எங்கே போனார்கள் என்று ஒருத்தரிடமும் மூச்சு விடக் கூடாது. கட்டினவனிடம்கூட அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வாய் கெட்டிதான். ஆபீஸில் ஒரு போன் கொடுக்க வேண்டாமா? கேட்டால் மேனேஜர் மனோரமா, "ஃபாரத்த உன் போன்லயே போட்டோ புடிச்சி அனுப்பிடும்மா. நம்ம ஸ்கேனர் ரிப்பேராயி ஆறு மாசம் ஆச்சி" என்று முடித்துவிடுவாள். எல்லா ஃபாரமும் அப்படித்தான் போயிற்று.

அந்தப் போனைப் புத்தூரில் வாங்கினார்கள். தரணியும் புருஷன் சிரஞ்சீவியும் ஒரே நாளில் ஆளுக்கொன்று. "குடும்பத்துக்கு ஒரு மெயில் ஐடி போதும்மா, பாஸ்வேர்ட மறந்துடுவீங்க" என்று கடைக்காரன் இரண்டிலும் ஒன்றையே போட்டுக் கொடுத்தான். ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒன்று என்றுதான் இவர்களும் நினைத்தார்கள். இவள் எடுக்கும் படமெல்லாம் அவன் போனிலும் போய் உட்காரும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னான்?

புதன்கிழமை காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே சிரஞ்சீவி சந்தோஷமாகச் சொன்னான்.

"சாந்திபுரம் ரமணா இல்ல, என்கூட தக்காளி லோடு ஓட்டறவன்? அவன் பொண்டாட்டி பத்மினி போட்டோ என் போன்ல இருந்துது. ஏதோ ஃபாரம், வேல செய்யற கம்பெனி அட்ரஸ்கூட இருக்குது. பாவம், மூணு மாசமா தேடிக்கினு இருக்கான். நேத்து அனுப்பிட்டேன். அழுதுட்டான் தரணி."

தரணி அலறினாள்.

"இன்னாய்யா பண்ண! அவ கைய ரெண்டு தடவ ஒடச்சவன்யா அவன்! கண்டா கொளுத்திடுவேன்னு சொன்னவன்யா!"

"என்கிட்ட நல்லாதானே பேசனான்..." சிரஞ்சீவியின் வாய்க்குள் இட்லி அப்படியே நின்றது.

அவள் பத்மினிக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. சத்தியவேடு பக்கத்துத் துணி கம்பெனியில் பத்மினி தையல் வேலை செய்கிறாள். ஹாஸ்டல் வார்டன் செங்கம்மாவுக்கு அடித்தாள்.

"டூட்டிக்குப் போயிட்டாம்மா. போன கேட்லயே வாங்கி வெச்சிக்குவாங்களே."

"கேட்டுக்கு ஓடுக்கா! புருஷன் வந்தான்னா உடாதீங்க. உன் கால்ல உழறேன்க்கா!"

மனோரமாவிடம் போலீஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, சிரஞ்சீவியின் பைக்கில் ஏறினாள். அவன் வண்டியை விரட்டினான். பின்னால் உட்கார்ந்து அவள் சாமியைக் கூப்பிட்டாள், அவனைத் திட்டினாள், கடைக்காரனைத் திட்டினாள், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். புத்தூர் தாண்டியதும் செங்கம்மாவின் போன் வந்தது.

"நான் போறதுக்குள்ள கூட்டிக்கினு போயிட்டாம்மா. வாட்ச்மேன்கிட்ட உங்க இல்லத்து சீல் போட்ட ஃபாரத்த போன்ல காட்னானாம். அவங்கதான் அனுப்புனாங்கன்னு சொன்னானாம். அதான் அவ போன குடுத்து வெளிய அனுப்பிட்டாங்க. வரமாட்டேன்னு அழுதாளாம், புருஷன் பொண்டாட்டி சண்டன்னு யாரும் கண்டுக்கல."

தரணி பைக்கை நிறுத்தச் சொன்னாள். மறுபடி பத்மினியின் நம்பரை அழுத்தினாள். இந்தத் தடவை இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள்.

"பத்மினி! எங்கடி இருக்க?"

"தரணி அக்காங்களா?" ஆண் குரல். வெகு மரியாதையான குரல். "நான் ரமணா பேசறேன்க்கா. ரொம்ப தேங்க்ஸ்க்கா. நீங்க இல்லன்னா இவ எங்க இருக்கான்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அவகிட்ட போன குடு! ரமணா, அவகிட்ட குடுய்யா!"

பக்கத்தில் பத்மினியின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு போன் அணைந்துபோனது.